இன்னும் ஒரு கம்பம்!



'ஓடுறவனைக் கண்டா துரத்துறவனுக்கு லேசு' என்று ஒரு பழமொழி உண்டு. நம் ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவன் அரைக்கால் டிராயரோடு ஓடினால், அவனைத் துரத்த முதலில் வருவது தெரு நாய். இரண்டாவதாக வருவது கேள்வி. "ஏந்தம்பி, பஸ்ஸ உட்டுட்டியா?" "போலீஸ் செலக்‌ஷனா கண்ணு?" "யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" சும்மாதான் ஓடுகிறேன் என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. நியாயம்தானே! ஏழு மணிக்கு டவுன் பஸ், அப்புறம் கிளாஸ், லேப், ரெக்கார்டு, அசைன்மென்ட்... இதற்கு நடுவில் எவன் சும்மா ஓடுவான்?

நானும் சும்மா ஓடவில்லை. 2024 ஜூலையில் 2 கிலோமீட்டரில் ஆரம்பித்து, டிசம்பரில் 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓடி முடித்தேன். அதே ஆறு மாதத்தில் என் அப்பா இரண்டு கரண்ட் கம்பத்தில் ஆரம்பித்து ஓர் அறுபது கம்பம் நடந்தார். மகன் ஓட்டத்துக்கும் அப்பா நடைக்கும் விதி ஒன்றே. மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது தன்னம்பிக்கைக் கட்டுரை. நான் எழுதியிருப்பது ஒரு கணக்குக் கட்டுரை. இரண்டும் ஒன்றுதான் என்று கடைசியில் உங்களுக்கே தோன்றினால் சந்தோஷம்.

முதலில் தூரத்தைப் பற்றிக் கொஞ்சம். மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. இந்த 195 மீட்டர் வால் எங்கிருந்து முளைத்தது? 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் தூரம் சுமார் 40 கி.மீ.தான். ஜெயித்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்கிற கிரேக்கர். தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் ஓட்டத்தைத் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்தப் பாதையின் நீளம்தான் 42.195. 1921-இல் அதையே உலகம் முழுமைக்கும் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ராஜா வீட்டு வாசலுக்காக நீண்ட தூரத்தை இன்றும் நாம் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கிறோம்! அரை மாரத்தான் அதில் சரிபாதி: 21.0975 கி.மீ.

கோவையில் டிசம்பரில் நடக்கும் ஓர் அரை மாரத்தானுக்கு நம் மாணவர் பேரவை சார்பில் பெயர் கொடுத்தார்கள். பாதிக் கட்டணம் பேரவை போட்டது. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டோம். பத்துப் பேருக்கு டி-ஷர்ட் மேல் ஆசை. எனக்கு வேறொரு காரணம் இருந்தது.

அப்பா ஃபவுண்டரியில் மோல்டர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். கோவையில் ஓடுகிற பம்ப்புகளில் எத்தனைக்கு அவர் கை பட்ட மண்ணில் உருவம் கிடைத்ததோ, கணக்கில்லை. 2024 ஜூன் இரண்டாம் வாரம், இரண்டாம் ஷிப்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வாசல் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. சம்பளத்தில் 70 சதவீதம். பொதுவாக ஆண்டுக்கு 91 நாள். அம்மா அந்த 91 நாளைக் காலண்டரில் எண்ணி, செப்டம்பரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தார்கள். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. வட்டம் மட்டும் பால் கணக்குக்குப் பக்கத்தில் இருந்தது.

பேசியவர் மாமா. "மாப்ளே, பையன் ரெண்டு வருசம் படிச்சவரைக்கும் போதுங்க. ஃபவுண்டரியிலயே சொல்லி உள்ள போட்டுடலாம். வூட்டுக்கு ஒரு சம்பளம் வேணுமில்லீங்களா?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாமாண்டு பாடப்புத்தகம் அப்போதுதான் வாங்கியிருந்தேன். அட்டை கூடப் போடவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "செப்டம்பர் வரைக்கும் பாக்கலாங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் டாக்டரிடம் போனோம். அவர் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. இரண்டு, நடக்க வேண்டும். "எவ்வளவு தூரமுங்க டாக்டர்?" என்று அப்பா கேட்டார். "தூரத்தை விடுங்க. அஞ்சு நிமிஷம். பேசிக்கிட்டே நடக்க முடியணும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு இறுக்கினாலோ அங்கேயே நின்னுடணும், எங்களுக்குச் சொல்லணும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. மூணு மாசம் கழிச்சு டிரெட்மில் டெஸ்ட் எடுப்போம். வேலைக்குப் போகலாமா வேண்டாமான்னு அது சொல்லும்."

டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா நடக்கவேண்டுமே! "பட்டப்பகல்ல வேலைவெட்டி இல்லாம ரோட்டுல நடந்தா சனம் என்ன பேசும்?" என்று மறுபடியும் திண்ணை. இருபத்தாறு வருஷம் கொதிக்கிற இரும்புக்கு அஞ்சாத மனுஷனுக்குத் தெருமுனைப் பேச்சுக்கு அச்சம். அப்போதுதான் மாரத்தான் ரசீதைக் காட்டினேன். "டிசம்பர்ல இருபத்தோரு கிலோமீட்டர் ஓடணுங்கப்பா. தனியா ஓடப் பயமா இருக்குது. காலைல கூட வாங்க. நீங்க நடங்க, நான் ஓடறேன்." அப்பா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபத்தொண்ணா? பஸ்ஸுல போனாலே அலுத்துப் போகுமே கண்ணு" என்றார். ஆனால் மறுநாள் ஐந்து மணிக்கு அவர்தான் என்னை எழுப்பினார்.

ஜூலை முதல் தேதி. அப்பா இரண்டு கம்பம் போனார், இரண்டு கம்பம் வந்தார். நம் சிவில் துறை நண்பனிடம் டேப் இரவல் வாங்கி அளந்து பார்த்தேன். எங்கள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் சராசரி 32 மீட்டர். ஆக, முதல் நாள் அப்பாவின் மொத்த நடை 128 மீட்டர். நான் 2 கி.மீ. போனேன், அதிலும் ஒரு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. இரண்டையும் அம்மா காலண்டரில் எழுதினார்கள். 'பால் 1 லி. அப்பா 2 க. தம்பி 2 கி.' மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும்.

எப்படிக் கூட்டுவது? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னது நம் ஒர்க்‌ஷாப். இரண்டாம் ஆண்டில் லேத் முன்னால் நின்ற எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 25 மில்லிமீட்டர் ராடு. 18-ஆகக் குறைக்க வேண்டும். அவசரக்காரன் ஒரே கட்டில் எடுக்கப் பார்ப்பான். டூல் கத்தும், ராடு வளையும், மூக்கு உடையும். (டூலின் மூக்கைச் சொன்னேன்!) "ஏன்டா, ராடு எங்கயாச்சும் ஓடிப் போகுதா? கொஞ்சமா டெப்த் குடு, ஒரு கட்டு எடு, அளந்து பாரு, மறுபடி குடு" என்று இன்ஸ்ட்ரக்டர் சார் சொல்வார். மூன்று வருஷப் படிப்பில் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்கவில்லை.

உடம்பு விஷயத்தில் இந்தப் பாடம் இன்னும் கறாரானது. ஓட ஆரம்பித்தால் இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தேறிவிடும். சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறையும். தசையும் பின்னாலேயே வரும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணும் மெதுவாகத்தான் உறுதிப்படும், மாதக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டாவது மாதத்தில் ஓர் ஆபத்தான கட்டம் வருகிறது. மூச்சு 'இன்னும் போ' என்கிறது. முழங்காலும் கணுக்காலும் 'பொறு' என்கின்றன. எஞ்சின் ரெடி, சேஸிஸ் ரெடியில்லை! எங்கள் பதினோரு பேரில் ஒரு நண்பன் நான்காவது வாரமே "மாப்ளே, எனக்கு மூச்சே வாங்கல" என்று 10 கி.மீ. ஓடிவிட்டு வந்தான். அடுத்த மூன்று வாரம் முன்காலில் வலி. மாடிப்படியில் பின்னால் திரும்பி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவான். டிராயிங் ஹால் இரண்டாவது மாடியில் இருந்தது அவன் விதி.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் 'ஃபடீக்' படித்திருக்கிறோம். திரும்பத் திரும்பச் சுமை ஏற்றினால் இரும்பு களைத்து ஒருநாள் முறியும். எலும்பும் அப்படித்தான், ஆனால் அதற்கு ஒரு வரம் உண்டு. சுமை கொடுத்து, ஓய்வும் கொடுத்தால், சுமை விழுந்த இடத்தில் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். ஜூலியஸ் வோல்ஃப் என்கிற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இரும்பு சும்மா கிடந்தால் துரு ஏறும். எலும்பு ஓடிவிட்டுச் சும்மா கிடந்தால் உரம் ஏறும். ஓய்வு நாளும் பயிற்சி நாள்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா?

பி.டி. சாரிடம் கேட்டு ஒரு அட்டவணை போட்டேன். வாரம் நான்கு நாள் ஓட்டம், மூன்று நாள் ஓய்வு. நான்கில் மூன்று நாள் குறைந்த தூரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டத்தை வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை கூட்டலாம். நான்காவது வாரம் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். வேகம்? பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். டாக்டர் அப்பாவுக்குச் சொன்ன அதே அளவுகோல்!

ஏன் இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோல் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு நூலகத்திலும் இன்டர்நெட்டிலும் தேடியதில் ஓர் அருமையான கதை கிடைத்தது. நண்பர்களே, இதை அவசியம் படியுங்கள்.

ஆர்தர் லிடியார்ட். நியூசிலாந்துக்காரர். 1917-இல் பிறந்தவர். ஷூ தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. இருபத்தெட்டு வயதுவாக்கில் ஒரு நண்பரோடு 5 மைல் ஓடப் போய் மூச்சுத் திணறிப்போனார். 'இப்போதே இப்படி என்றால் ஐம்பது வயதில்?' என்ற பயம் வந்துவிட்டது. அன்று முதல் தன் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கினார். எவ்வளவு ஓடினால் தேறுகிறது, எவ்வளவு ஓடினால் ஒடிகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்தது இதுதான்: முதலில் தூரம், அதுவும் நிதானமாக, வேகம் எல்லாம் பிற்பாடு. அக்கம்பக்கத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். அதே நாள் இன்னொரு சீடர் முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரில் தங்கம். ஹால்பர்க்குக்கு ரக்பி விளையாட்டில் அடிபட்டு இடது கை சூம்பிப்போயிருந்தது. மூன்றாவது சீடர் பாரி மேகி மாரத்தானில் வெண்கலம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நம் பி.டி. சாருக்கு மட்டும் உதவும். அதற்கப்புறம்தான் விசேஷம். 1960-களின் தொடக்கத்தில் லிடியார்ட் ஆக்லாந்து நகரில் நடுத்தர வயதுக்காரர்களைத் திரட்டினார். அவர்களில் மாரடைப்பு கண்டவர்களும் இருந்தார்கள். அவர்களையும் நிதானமாக ஓட வைத்தார். அந்தக் காலத்து நிலைமையை நினைத்துப் பாருங்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே போட்டு வைப்பதுதான் அதற்குமுன் வழக்கம். 1952-இல் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற அமெரிக்க டாக்டர்கள் 'நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம்' என்று எழுதியதே அன்று பெரிய துணிச்சல். லிடியார்ட் ஆட்களை ரோட்டிலேயே இறக்கிவிட்டார்! 1962 கடைசியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து பில் பவர்மன் என்ற பயிற்சியாளர் அங்கே வந்தார். இவர்தான் பின்னாளில் நைக்கி ஷூ கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு பெரியவர் அவரோடு பேசிக்கொண்டே ஓட, ஒலிம்பிக் வீரர்களைத் தயாரித்த பவர்மன் மூச்சு வாங்கிப் பின்தங்கினார். ஊருக்குத் திரும்பி, ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து 1967-இல் 'ஜாகிங்' என்று ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்காவே ஓட ஆரம்பித்தது. 1973-இல் கனடாவின் டொரண்டோ நகரத்து இதய நோயாளிகள் சிலர், மருத்துவர் மேற்பார்வையில் பயிற்சி எடுத்து, பாஸ்டன் மாரத்தானையே ஓடி முடித்தார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி அப்பாவுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "காஸ்டிங்கும் அப்படித்தான் கண்ணு" என்றார். "ஊத்தின சூட்டோட மோல்டைப் பிரிச்சா வெடிச்சுப் போகும். அது பாட்டுக்கு ஆறோணும். ஆறறதுக்கு விட்டாத்தான் இரும்பு. அந்த நூசிலாந்துக்காரரும் ஷூ கம்பெனித் தொழிலாளிங்கறயே, அதான் புரிஞ்சிருக்குது."

நாட்கள் ஓடின. நாங்களும். அப்பா இரண்டு நாளைக்கு ஒரு கம்பம் கூட்டினார். ஜூலை முடிவதற்குள் பதினாலாவது கம்பம், அங்கே டீக்கடை. (டீ உண்டு, சர்க்கரை கம்மி, போண்டா கிடையாது. அம்மாவின் ஒற்றர்கள் அந்தக் கடையிலும் உண்டு.) சனம் என்ன பேசும் என்று பயந்தாரே, சனம் பேசத்தான் செய்தது. "ஏனுங்க, இன்னைக்கு எத்தனை கம்பமுங்க?" என்று. அவ்வளவுதான். எதிர் வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரும் கூடவே நடக்க ஆரம்பித்தார்.

என் கணக்கு: ஜூலை முடிவில் ஞாயிற்று ஓட்டம் 4 கி.மீ. ஆகஸ்ட் முடிவில் 7. ஓடிக்கொண்டே இருந்தவனுக்கு ஒருநாள் காலை சட்டென்று உறைத்தது, நடையே இல்லாமல் முழுக்க ஓடியிருக்கிறேன் என்று. எந்த நாளில் நடை நின்றது? காலண்டரைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் சமாச்சாரத்தில் இதுதான் அழகு. கூடுகிற நாளில் தெரியாது. கூடின பிறகுதான் தெரியும்.

செப்டம்பர் முதல் வாரம் அப்பா முப்பத்தோராவது கம்பத்தைத் தொட்டார். பஸ் ஸ்டாப். மூன்று மாதம் முன்னால் ஆட்டோவில் படுத்துக்கொண்டு கடந்த இடம். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபவுண்டரிப் பக்கம் போகிற முதல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்டக்டர் அடையாளம் தெரிந்து, "வாங்கண்ணா, ஏறிக்கங்க" என்றார். "இன்னும் டெஸ்ட் இருக்குதுங்க தம்பி" என்றார் அப்பா. எனக்கு நம்ம அரியர் பசங்க ஞாபகம் வந்துவிட்டது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் அந்த டெஸ்ட். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1960-களில் வகுத்துத் தந்த முறையில்தான் இன்றும் பல ஆஸ்பத்திரிகளில் டிரெட்மில் சோதனை நடக்கிறது. நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஓடும் பட்டையில் ஏற்றிவிடுவார்கள். முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த மூன்று நிமிடம் 4 கி.மீ., 12 சதவீதம். அதற்கடுத்த மூன்று நிமிடம் 5.5 கி.மீ., 14 சதவீதம். பாருங்கள், அங்கேயும் படிப்படிதான்!

நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அம்மா பெஞ்சில். உள்ளே அப்பா கம்பியைப் பிடித்து நடக்கிறார். முதல் கட்டம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் அவர் உதடு அசைவது தெரிந்தது. வலியில் முனகுகிறாரோ என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. டாக்டர் குனிந்து என்னமோ கேட்டார், சிரித்தார். மூன்றாவது கட்டமும் முடிந்துதான் மிஷினை நிறுத்தினார்கள். வெளியே வந்ததும் கேட்டேன். "என்னங்கப்பா முணுமுணுத்தீங்க?" "கம்பம் எண்ணிட்டிருந்தேன் கண்ணு. அங்க கம்பம் இல்ல, குத்துமதிப்பா எண்ணினேன்."

வேலைக்குப் போகலாம், ஆனால் உலைப் பக்கம் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஃபவுண்டரியில் பேட்டர்ன் ஸ்டோரில் போட்டார்கள். அம்மா வட்டம் போட்டிருந்த தேதிக்கு இரண்டு நாள் முன்னால், அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு பஸ் ஏறினார். அன்று சாயங்காலம் மாமா வந்தார். நான் ஹாலில் உட்கார்ந்து டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "கோடு நேரா வருதா மாப்ளே?" என்றார். படிப்பை நிறுத்துகிற பேச்சு அதற்குப்பின் எங்கள் வீட்டில் எழவில்லை.

செப்டம்பர் முடிவில் நான் 10 கி.மீ. அக்டோபர் முடிவில் 13. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. பிராக்டிகல் பரீட்சையும் பிடித்துக்கொண்டது. மழை நாளில் ஓட்டம் போனால், போன ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓடக்கூடாது என்பது பி.டி. சார் கட்டளை. விட்ட கட்டை அடுத்த கட்டோடு சேர்த்து எடுத்தால் டூல் என்ன ஆகும்? அதேதான்! நவம்பரில் 14.5, 16, ஒரு இறக்க வாரம் 12, பிறகு 18. அதுதான் உச்சம். போட்டிக்கு முன் இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு. '21 ஓடவேண்டியவன் 18-லேயே நிறுத்துகிறாயே' என்று பலர் கேட்டார்கள். மிச்சம் மூன்று கிலோமீட்டரைப் போட்டி நாளின் உற்சாகம் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு.

டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை. இருட்டும் பனியும். நம் பேரவைக் கோஷ்டி பதினோரு பேரும் (முன்கால் வலி நண்பன் உட்பட!) கோட்டில் நின்றோம். விசில் ஊதினதும் கூட்டம் பாய்ந்தது. நான் பேச்சு வேகத்திலேயே போனேன். முதல் 5 கி.மீ.யில் என்னைத் தாண்டாத ஆளே இல்லை. பத்துக்கு மேல் ஒவ்வொருவராகத் திரும்பக் கிடைத்தார்கள். தண்ணீர், உப்புக் கரைசல், வாழைப்பழத் துண்டு... 15, 16, 17.

பதினெட்டாவது கிலோமீட்டர். அதற்குமேல் என் கால் அறியாத பூமி. தொடை இறுகிக் கல்லாயிருந்தது. அங்கே ரோட்டோரம், மஃப்ளர் கட்டிக்கொண்டு, கையில் மஞ்சப்பையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்! வருகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. ஓட்டத்துக்காக ரோட்டை அடைத்திருந்ததால் பஸ் தூரத்திலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்தே வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. ஓரமாக நாலு எட்டு கூடவே நடந்து சொன்னார்: "கிலோமீட்டரப் பாக்காத கண்ணு. இன்னும் ஒரு கம்பம்."

ஒரு கம்பம் போனேன். அடுத்தது தெரிந்தது. அதுவும் ஒரு கம்பம்தான். இப்படியே போய்ச் சேர்ந்தேன். 2 மணி 31 நிமிடம். ஜெயித்தவர் அதற்குள் குளித்துச் சாப்பிட்டிருப்பார்! இந்திய வீரர் சிவநாத் சிங் 1978-இல் ஜலந்தரில் முழு மாரத்தானையே 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை நாற்பது வருஷத்துக்கு மேல் யாராலும் அசைக்கமுடியாமல் நின்றது. நம் புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வரில் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அவர்கள் எல்லாம் வேறு ஜாதி. என் மெடல் கலந்துகொண்ட எல்லோருக்கும் கொடுக்கிற தகரம்தான். அதை அம்மா காலண்டர் ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள்.

முடிந்து வந்து கேட்டேன். "எத்தனை கம்பம் நடந்தீங்கப்பா?" "அறுவத்திரெண்டு. மெயின் ரோட்டுக் கம்பம் தள்ளித் தள்ளி நட்டிருக்கான். ஒண்ணுக்கு ஒண்ணேகால்னு எழுதச் சொல்லு உங்கம்மாவ" என்றார். அம்மா எழுத மறுத்துவிட்டார்கள். கம்பம் என்றால் கம்பம்தானாம்!

ஜூனியர் தம்பி, தங்கைகளே! உங்களில் யாராவது அடுத்த டிசம்பருக்குப் பெயர் கொடுப்பதாக இருந்தால், இந்த அண்ணன் சொல்லுவது இவ்வளவுதான். வீட்டில் இருப்பதில் நல்ல கேன்வாஸ் ஷூ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் கடிக்கக் கூடாது, அதுதான் முக்கியம். தூரம் கூடும்போது ஓடுவதற்கென்றே ஒன்று வாங்கிக்கொள்ளலாம். முதல் மாதம் ஓட்டமும் நடையும் கலந்து போங்கள். பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம். அதில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள். ஓய்வு நாளைத் திருடாதீர்கள். வலி வேறு, அலுப்பு வேறு. அலுப்போடு ஓடலாம், வலியோடு ஓடக்கூடாது. முக்கியமாக, வீட்டில் திண்ணையை விட்டு இறங்காத பெரியவர் யாராவது இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கையைப் பிடித்துக் கூட அழைத்துப் போங்கள். துணைக்கு அவர் வருகிறார் என்று நினைப்பீர்கள். துணை யாருக்கு யார் என்பது போகப் போகத் தெரியும்.

அரியரும் அப்படித்தான், வேலை தேடுவதும் அப்படித்தான், அண்ணன் இந்த ஆறாவது செமஸ்டருக்கப்புறம் ஏறப்பார்க்கிற லேட்டரல் என்ட்ரியும் அப்படித்தான். மொத்தத்தை அண்ணாந்து பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அடுத்த கம்பம் வரைக்கும் போகமுடியாதவர் யாரும் இல்லை. அப்பா இப்போது வேலை முடிந்து வந்து தினமும் சாயங்காலம் நாற்பத்தைந்து கம்பம் போகிறார், வருகிறார். கூட்டலாமா என்று கேட்டதற்கு டாக்டர் "போதும், இதை விட்டுடாதீங்க" என்றாராம். ஆகவே அங்கே இப்போது கூட்டல் இல்லை. வாழ்நாள் கணக்கு.

உங்கள் வாசலிலும் ஒரு கம்பம் இருக்கும். நாளைக் காலை அதுவரைக்கும் போய்விட்டு வாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை